காங்கிரீட்டுக்கு அடியில் பழைய குழாய்கள்

சிவகாசிப் பக்கம் முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய வீட்டு முற்றம் ஒன்றைக் கொத்தி, உள்ளே கிடக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை வெளியே எடுத்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். குறுக்கே அறுத்துப் பார்த்தால், வெள்ளையும் பழுப்புமாக உப்புப் படிந்து, முக்கால் அங்குல வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அது போர்வெல் தண்ணீர் செய்த வேலை. இரண்டாவது விஷயம் பிளம்பர்களுக்குப் பழக்கமானது, வீட்டுக்காரர்கள் கவனிக்காதது. காங்கிரீட்டுக்குள் பதிந்து கிடந்த பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும். காங்கிரீட் முடிந்து மண் தொடங்கும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குள், அதே குழாய் செதில் செதிலாக உதிரும். விரலால் அழுத்தினாலே ஓட்டை விழும்.

பழைய குழாயை மாற்றுவது பற்றிய பேச்சு அந்த ஒரு சாணில் இருந்துதான் தொடங்க வேண்டும். முற்றத்தில் தண்ணீர் கசிகிறது என்று தெரிந்ததும் கடப்பாரையோடு நடு முற்றத்தில் இறங்குவதுதான் இங்கே வழக்கம். நோய் பெரும்பாலும் விளிம்பில் இருக்கிறது, வெட்டுவதோ வயிற்றை.

விருதுநகர் மாவட்டம் 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதிகாரிகளைத் தண்டிக்க ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று சொல்லும் வழக்கில் அந்தக் காடு இதுவும்தான். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போகும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் வருஷத்தில் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும். விருதுநகருக்கு ஆனைக்குட்டம் அணையும் தாமிரபரணி கூட்டுக் குடிநீரும், சிவகாசிக்கு வெம்பக்கோட்டை அணையும் மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் கைகொடுக்கின்றன. குழாயில் தண்ணீர் வருவது சில நாட்களுக்கு ஒருமுறை. இடைப்பட்ட நாட்களுக்குத் தரைத்தொட்டி, போர், அதுவும் வற்றினால் லாரி.

இப்படிப்பட்ட ஊரில் முற்றத்தை எதற்குக் காங்கிரீட்டால் மூடினார்கள்? கரிசல் மண்ணை மழையில் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஓரடி வைத்தால் காலோடு ஒரு கிலோ மண் வரும். வத்தல் காயப்போட, பருத்தி கொட்ட, தீப்பெட்டிக் கட்டு அடுக்க, காகித லாரி பின்னோக்கி வந்து நிற்க, எல்லாவற்றுக்கும் கெட்டித் தரை வேண்டியிருந்தது. வீடு கட்டியபோது போட்ட குழாய் மேலேயே முற்றம் போட்டார்கள். ஓரத்தில் நின்ற வேம்புக்கும் தென்னைக்கும் செம்பருத்திக்கும் அந்தக் குழாய்தான் தண்ணீர் கொண்டுபோனது. எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தெரிந்தவர் அப்போதைய கொத்தனார் ஒருவர் மட்டுமே.

விளிம்பில் மட்டும் குழாய் ஏன் போகிறது? காரணம் இரண்டு. ஒன்று இரும்பின் குணம். சிமெண்டுக்குள் காரத்தன்மை மிகுதி. அந்தச் சூழலில் இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துரு அண்டாது. வெளியே மண்ணுக்குள் இருக்கும் இரும்புக்கு அந்தக் காப்பு கிடையாது. ஒரே குழாயின் ஒரு பாதி காப்போடும் மறுபாதி காப்பில்லாமலும் ஈரத்தில் கிடந்தால், இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. டார்ச் லைட் பேட்டரி வேலை செய்வதும் இதே முறையில்தான். அந்த ஓட்டத்தில் கரைந்து போவது மண் பக்கத்து இரும்பு. உப்புச் சேர்ந்த மண்ணாக இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும்.

இன்னொரு காரணம் கரிசல். இந்த மண்ணில் உள்ள களிமண் வகை தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் சாத்தூர், அருப்புக்கோட்டைக் காடுகளில் கை நுழையும் வெடிப்புகள் விழுகின்றன. ஐப்பசி மழையில் எல்லாம் மூடிக்கொள்கின்றன. முற்றத்துக்கு நடுவே, காங்கிரீட்டின் கீழ், மண்ணின் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. விளிம்புக்கு வெளியே வருஷா வருஷம் ஏறி இறங்குகிறது. ஒருபக்கம் அசையாத தரை, மறுபக்கம் அசைகிற மண், நடுவே மாட்டிக்கொண்ட குழாய். பி.வி.சி. துருப்பிடிக்காது என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கும் இந்த இரண்டாவது காரணம் பொருந்தும். எல்போ, டீ போன்ற இணைப்புகள் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் அங்கேதான் விரிசல் விழும்.

கசிவு இருக்கிறதா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் நீர்மட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். விடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால், தோட்டத்துக்குப் போகிற வால்வை மட்டும் மூடி அடுத்த இரவும் பார்க்க வேண்டும். இறக்கம் நின்றுவிட்டால் முற்றத்துக் குழாய்தான் குற்றவாளி. இடத்தைக் கண்டுபிடிக்க, ஊர் அடங்கிய நேரத்தில் ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார்கள் பழைய பிளம்பர்கள். அழுத்தத்தோடு வெளியேறும் தண்ணீரின் சீறல் கம்பி வழியே கேட்கும். குடிநீர் வாரியங்கள் பயன்படுத்தும் ஒலிக் கருவிகளும் இந்த வேலையைத்தான் இன்னும் நுட்பமாகச் செய்கின்றன. கண்ணுக்கும் சில அடையாளங்கள் தெரியும்: கோடையிலும் காயாத பாசிக் கோடு, இணைப்பு இடுக்கில் மட்டும் பச்சென்று நிற்கும் புல், லேசாகக் குழி விழுந்த தரை.

நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் கசிவு என்பது பார்வைக்கு நூல் போன்ற ஓட்டம். ஒரு நாளைக்கு அது 1,440 லிட்டர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவு 55 லிட்டர். இருபத்தாறு பேருக்கான தண்ணீர் முற்றத்துக்கு அடியில் மண்ணோடு போகிறது. மாதக் கணக்கில் 43,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்றுக்கு மேல்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தினமும் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தம் இருக்கிற குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே மட்டும்தான் போகும். சில நாட்களுக்கு ஒருமுறை நிறைந்து வடிகிற குழாயில், வடியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது ஓட்டையைச் சுற்றி நிற்கும் அழுக்குத் தண்ணீரைக் குழாயே உறிஞ்சிக்கொள்ளும். சாக்கடையை ஒட்டி ஓடும் தோட்டக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரே டீயில் சேர்ந்திருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். முற்றத்துக் கசிவைத் தோட்டத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

சரி, மாற்றுவது எப்படி?

முழுக்க உடைத்து எடுப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். குழாய்க்கு ஆகிற செலவைவிட உடைத்த தரையை மறுபடி போடுகிற செலவே பெரிது. ஒட்டுப்போட்ட காங்கிரீட் பழையதோடு ஒட்டுவதும் இல்லை. அந்தக் கோட்டில் அடுத்த மழைக்கே விரிசல் தெரியும். பழைய குழாயை வெளியே எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. இரண்டு முனையையும் அறுத்து, சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். அடைக்காமல் விட்டால்தான் எலியும் சாக்கடை நீரும் அதை வழியாக்கிக்கொள்ளும். நகராட்சிப் பகுதிகளில் இன்னும் புதைந்து கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களுக்கு இந்த யோசனை இருமடங்கு பொருந்தும். அவற்றை உலர்ந்த நிலையில் மெஷின் வைத்து அறுத்தால் பறக்கும் நார்த்தூள் புற்றுநோய் வரவழைப்பது என்று உறுதியாகியிருக்கிறது.

எளிய வழி சுற்றிப் போவது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் புதுக் குழாய். நீளம் கூடும், தரை தப்பும். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. நாளடைவில் நொறுங்கும் என்பதால் சுவரில் ஏற்றினால் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது அவசியம். மண்ணுக்குள் போட முடிந்தால் இன்னும் நல்லது.

முற்றத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு விளிம்பிலும் ஒவ்வொரு குழி போதும். பழைய குழாய் வளைவில்லாமல் நேராக ஓடினால் அதற்குள்ளேயே புதுக் குழாயைச் சொருகலாம். இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய்க்குள் 32 மில்லிமீட்டர் ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் தாராளமாக நுழையும். சுருளாக வருகிற குழாய் என்பதால் நடுவில் ஜாயின்ட்டே இருக்காது. முதலில் கம்பி விட்டு உப்பையும் துருவையும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் கம்பியிலேயே புதுக் குழாயைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுக்க வேண்டும். நடுவில் ஒரு எல்போ இருந்தாலும் இந்த வித்தை பலிக்காது.

குழாய் சிறுத்தால் தண்ணீர் எப்படிப் போதும் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே அழுத்தத்தில் இரண்டு அங்குலக் குழாயில் ஓடும் தண்ணீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் ஒரு அங்குலக் குழாயில் ஓடும். ஓஸ் பிடித்துப் பாத்தி நிரம்பப் பாய்ச்சுகிறவருக்கு இது போதாது. சொட்டு நீருக்கு மாறுகிறவருக்கு மிஞ்சும். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் துளிப்பான் நூறு வைத்தாலும் தேவை மணிக்கு 400 லிட்டர்தான். தமிழ்நாட்டில் சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் கிடைப்பதால் காட்டில் இது பழகிவிட்டது. வீட்டு முற்றத்தில்தான் இன்னும் ஓஸ் பிடிக்கிறோம். குழாயை மாற்றுகிற நேரம் பாய்ச்சும் முறையையும் மாற்றச் சரியான நேரம்.

பழைய குழாய் வளைந்து வளைந்து ஓடினால் புது வழி துளைக்க வேண்டும். பத்தடி, பன்னிரண்டு அடி அகலத்துக்கு, ஒரு குழியிலிருந்து இரும்புக் குழாயை மட்டம் பார்த்துத் தண்ணீர்ப் பீச்சலோடு தள்ளி மறு குழியில் எடுத்துவிடுவார்கள். கரிசலில் இது எளிது. சரளையும் பாறையும் வந்தால் நின்றுவிடும். தண்ணீரை அளவாகப் பீச்ச வேண்டும். அதிகமானால் தரைக்குக் கீழே பொந்து விழுந்து பிறகு காங்கிரீட் உள்வாங்கும். இதுவும் முடியாத இடத்தில் வைர பிளேடு பூட்டிய கட்டிங் மெஷினால் ஆறு அங்குல அகலத்துக்கு இரண்டு கோடு அறுத்து அந்தப் பட்டையை மட்டும் எடுப்பது மேல். சுத்தியலும் உளியும் அடித்த அதிர்ச்சியில் நாலடி தள்ளி உள்ள தரையும் விரியும். அறுத்தால் அது நேராது.

உலகம் இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் தீர்த்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1971-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. லண்டனில் எரிக் உட் என்ற பொறியாளர், பிசினில் ஊறிய துணிக்குழாயைப் பழைய சாக்கடைக்குள் செலுத்தி உள்ளேயே இறுகவைத்தார். கலிஃபோர்னியாவில் மார்ட்டின் செரிங்டன் ஓர் ஆற்றின் அடியில் சாய்வாகத் துளைத்துக் குழாயை மறுகரைக்கு இழுத்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்துக்காக இன்னொரு முறை உருவானது: கூம்பு வடிவக் கருவியைப் பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்குள் இழுத்து, அதை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளியபடி புதுக் குழாயைப் பின்னால் கொண்டுவருவது. சாய்வாகத் துளைக்கும் எந்திரங்களைக் கேபிள் பதிப்பவர்கள் நம் ஊர்ச் சாலையோரங்களில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒரு வீட்டு முற்றத்துக்கு அந்த எந்திரம் வராது. ஒரு தெருவுக்கு, ஒரு ஆலைக்கு, ஒரு பள்ளி மைதானத்துக்கு வரலாம்.

ஆலை என்றதும் இந்தப் பகுதியில் பேச்சு வேறாகிவிடுகிறது. பட்டாசு ஆலையின் வளாகம் மற்ற ஆலை வளாகங்களைப் போன்றதில்லை. அறைகள் தள்ளித் தள்ளி நிற்கும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது, இடையிடையே வேப்பமரங்கள், சரக்கைக் காயவைக்கக் காங்கிரீட் மேடைகள். தொழிலாளர் கை கழுவ, தரை கழுவ, தீயணைக்க, மரத்துக்கு ஊற்ற, எல்லாவற்றுக்கும் வளாகத்துக்குள் குழாய் ஓடும். அது பழசாகிக் கசிந்தால் நஷ்டம் தண்ணீரோடு நிற்காது. அலுமினியப் பொடி ஈரத்தோடு வினைபுரிந்தால் சூடேறும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கூடவே வெடியுப்பு போன்ற நைட்ரேட் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பட்டாசு மருந்துக் கலவையில் போரிக் அமிலம் சேர்ப்பதே இந்த வினையைத் தடுக்கத்தான். மருந்து அறையின் தரைக்குக் கீழே ஊறிக்கொண்டிருக்கும் குழாயை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

கசிவைச் சரிசெய்யப் போகிறவர் கொண்டுவரும் சாமான்களைப் பாருங்கள். இரும்புக் கடப்பாரை, உளி, டிரில், கட்டிங் மெஷின், சில சமயம் வெல்டிங் செட். மருந்து புழங்கும் அறையில் மரம், பித்தளை, செம்பு போன்ற பொறி பறக்காத கருவிகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது வெடிபொருள் சட்டங்களின் பழைய விதி. காங்கிரீட்டை இரும்பால் உடைத்தால் பொறி பறக்காமல் இருக்காது. பி.வி.சி. குழாயை ஒட்டும் சொல்யூஷன் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்களால் ஆனது. ஹெச்.டி.பி.இ. குழாயை உருக்கி ஒட்டும் தட்டு 200 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. இங்கே குழாய் வேலையும் மருந்து வேலைக்குரிய கட்டுப்பாட்டோடுதான் நடக்க வேண்டும்.

பட்டாசு ஆலைக்கு, ஆகவே, ஒரே வழிதான் உகந்தது. பழைய குழாயைத் தொடாமல் அடைத்துவிட வேண்டும். மருந்து அறைகளையும் மேடைகளையும் விட்டு விலகி, வெறும் மண்ணில், மண்வெட்டியால் வாய்க்கால் எடுத்துப் புதுக் குழாயைக் கொண்டுபோக வேண்டும். சுருள் ஹெச்.டி.பி.இ. குழாயும், கையால் திருகி இறுக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கும் இதற்குப் பொருத்தம். தீயும் வேண்டாம், கரைப்பானும் வேண்டாம். உற்பத்தி நிறுத்தி, சரக்கு அகற்றி, அறைகளைக் கழுவிய பிறகே வேலை தொடங்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் மாற்றம் வருமானால் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியும் வேண்டும். அதன் அலுவலகம் சிவகாசியிலேயே இருக்கிறது.

முற்றத்துக்கு வெளியே தெருவில் இறங்கினால் இதே கதை பெரிதாகிறது. சிவகாசி 2021-இல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியானது. தெருவெல்லாம் சிமெண்ட் சாலையும் பேவர் பிளாக்கும் வந்துவிட்டன. அடியில் கிடக்கும் குழாய்களோ பல இடங்களில் பழையவை. கோயம்புத்தூரில் பழைய மாநகராட்சி எல்லையின் 60 வார்டுகளுக்கு இருபத்துநாலு மணி நேரக் குடிநீர் தர 2018-இல் சூயஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது, விநியோகக் குழாய்களையே புதிதாகப் போடத் தெருத்தெருவாகத் தோண்ட வேண்டிவந்தது. ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்ற நிலையை எட்டியது. ஊர் முழுக்கத் தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு நிற்பதால்தான் வெளி அழுக்கு உள்ளே போக வழியில்லை. அந்த அழுத்தத்தைத் தாங்கக் கசியாத குழாய் வேண்டும். இந்திய நகரங்களுக்கு 2008-இல் வகுத்த அளவுகோல், கணக்கில் வராமல் போகும் தண்ணீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது.

தோண்டுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. அடியில் என்ன கிடக்கிறது என்று யாராவது பதிந்து வைத்திருந்தால்தான் செயலியாலும் சொல்ல முடியும். தெருக்களைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் தீர்ப்பு இதுதான்: குழாய் மாற்றாத தெருவில் சிமெண்ட் சாலை போடக் கூடாது. அவசரத்துக்குப் போட்டே ஆகவேண்டுமானால் பேவர் பிளாக் போடலாம். கழற்றிவிட்டுத் திரும்பப் பதிக்கலாம், இடுக்கு வழியே கொஞ்சம் மழைநீரும் இறங்கும்.

வீட்டு முற்றத்துக்கும் அதே யோசனைதான். அறுத்தெடுத்த பட்டையை மறுபடி காங்கிரீட்டால் மூடாமல் பேவர் பிளாக் வைத்து மூடினால், அடுத்த பழுதுக்கு அரை மணி நேர வேலை. வாய்க்காலில் தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல், குழாயைச் சுற்றி எம்-சாண்டோ கிரஷர் தூசியோ நாலு அங்குலம் போட்டால் மண்ணின் ஏற்ற இறக்கம் குழாயைப் பிடித்து இழுக்காது. நடக்கிற இடத்தில் இரண்டடி ஆழம் போதும். லாரி ஏறுகிற இடமானால் மூன்றடிக்குக் குறையக் கூடாது. காங்கிரீட்டுக்கு அடியில் எந்த ஜாயின்ட்டும் வரவே கூடாது. குடிநீருக்கான பி.வி.சி. குழாய் என்றால் ஐ.எஸ். 4985, ஹெச்.டி.பி.இ. என்றால் ஐ.எஸ். 4984 முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பி.வி.சி. குழாயில் ஈயம் கலப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021-இல்தான் வந்தன என்பதால், பழைய பி.வி.சி. மிச்சங்களைக் குடிநீருக்கு ஒட்டுப்போட்டு ஓட்டுவது நல்லதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக உறைக்குழாய். காங்கிரீட்டுக்கு அடியில் போகும் நீளத்துக்கு மட்டும் மூன்று அல்லது நாலு அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்து, தண்ணீர்க் குழாயை அதற்குள் விட்டுவிட்டால், இனி ஒருபோதும் அந்த முற்றத்தை உடைக்க வேண்டியதில்லை. உறை விளிம்பைத் தாண்டி இரண்டடி வெளியே நீண்டிருந்தால், துருவும் மண்ணசைவும் சேர்ந்து தாக்குகிற அந்த ஒரு சாண் இடமும் தப்பிக்கும். பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் குமிழித் தூம்பு என்ற மதகைக் கட்டியவர்களுக்கு இந்த யோசனை தெரிந்திருந்தது. கரைக்கு அடியில் போகும் கல் வழியில் நீரோடித் துளை தனியாகவும் சேறோடித் துளை தனியாகவும் வைத்தார்கள். கரையை வெட்டாமலே தண்ணீரையும் வண்டலையும் வெளியேற்ற முடிந்தது.

முற்றத்துக்குக் காங்கிரீட் போடத் தேதி குறித்திருக்கிறவர்கள் கலவை எந்திரம் வந்து நிற்பதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். குழாய் ஓடும் வாய்க்காலில் டேப்பை விரித்து வைத்து, போனில் நாலு படம் எடுங்கள். கேட்டிலிருந்து எத்தனை அடி, சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எந்த வருஷம் போட்டது என்று மோட்டார் ரூம் சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். போன் தொலையும், கொத்தனார் ஊர் மாறுவார், சுவர் அங்கேயே இருக்கும்.